பொருள்: விட்டுவிட்டு நிற்கும் எஞ்சினுக்கு ஒரு சொல் தேவை

அம்பத்தூரிலிருந்து:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு மாணவர்களுக்காக, பழைய கார்களில் பழுது கண்டறிவது பற்றி எட்டுப் பக்கக் கையேடு ஒன்றை எழுதிவருகிறேன். வெள்ளிக்கிழமை காலையில் அது அச்சுக்குப் போக வேண்டும். மூன்றாம் பக்கத் தலைப்பில் சிக்கிக்கொண்டிருக்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின், யாரும் சாவியைத் திருப்பாமலே, இன்று ஒரு சிக்னலில் நின்று, நாளை நாள் முழுதும் ஒழுங்காக ஓடி, மறுநாள் மீண்டும் நிற்கும் பழுதை வகுப்பில் 'இன்டர்மிட்டன்ட் ஸ்டாலிங்' என்றே சொல்லிவருகிறோம். தமிழில் 'பொறி இடைநிற்றல்' என்று எழுதிவைத்திருக்கிறேன்; மனம் ஒப்பவில்லை.

சொல் துல்லியமாக இல்லாவிட்டால் வேலை கெடும் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். நின்றவுடன் சாவியைத் திருப்பினால் மீண்டும் ஓடுவது ஒரு வகை. கார்புரேட்டரில் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) ஐடிலிங் ஜெட், அதாவது எஞ்சின் மெதுவாக ஓடும்போது பெட்ரோல் வரும் சிறு துளை, அடைத்திருந்தாலோ எங்கேனும் காற்று கசிந்தாலோ அப்படி நேரும். இருபது நிமிடம் ஆறிய பிறகுதான் ஓடுவேன் என்பது வேறு வகை. தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் சூடேறி, உள்ளே கம்பிச் சுற்று விட்டுப்போயிருக்கலாம், அல்லது பெட்ரோல் குழாயில் ஆவி அடைத்திருக்கலாம். நிற்காமல் திக்கித் திக்கி ஓடும் 'மிஸ்ஸிங்' இவற்றில் சேராது. இரண்டாம் வகையில், நின்ற அந்த நிமிடத்திலேயே பிளக் வயரைக் கழற்றித் தீப்பொறி வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஆறிவிட்டால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும்.

மயிலாப்பூரிலிருந்து:

'இடைநிற்றல்' வேண்டாம், ஐயா. பள்ளிப் படிப்பை நடுவில் விட்ட பிள்ளைகளுக்குக் கல்வித் துறையினர் அச்சொல்லை எடுத்துக்கொண்டு பல ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு மாறாகத் 'துஞ்சல்' என்பதை முன்வைக்கிறேன். குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன் என்று இறந்த இடத்தால் மன்னர்களைக் குறித்தது நம் மரபு. அதே சொல் உறங்குவதையும் குறிக்கும். இறந்ததா உறங்குகிறதா என்று அறிய முடியாமல் கிடந்து, ஆறியதும் விழித்துக்கொள்ளும் எஞ்சினுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. 'தூங்கு' என்பதன் பழம்பொருள் தொங்குதல் என்பதற்குத் தூங்கணாங்குருவியே சான்று. தொங்குவது அசையும், அசைவது அயரும், அயர்வது உறங்கும் என்று இந்தப் பொருள் வளர்ச்சியைத் தொடர்ந்தால் 'துஞ்சு' என்பதும் அதே குடும்பத்தில் வந்து சேரும் என்பது என் துணிபு. இதைத் தனி மடலில் விரிப்பேன்.

புதுப்பேட்டையிலிருந்து:

நான் புலவன் அல்லன், பழைய உதிரிப்பாகம் விற்பவன். மயிலாப்பூர் ஐயா சொல்லும் வழியில் போனால், போன சித்திரையில் நின்ற என் வண்டியைக் 'கத்திப்பாரா மேம்பாலத்துத் துஞ்சிய வெள்ளைக் கார்' என்று பாட வேண்டிவரும். தாம்பரத்தில் கிளம்பினால் ஏறக்குறைய அந்த மேம்பாலத்தில் நின்றுவிடும். கால் மணி நேரம் கழித்துத் தானாகக் கிளம்பும். ஒரு மெக்கானிக் பெட்ரோல் பம்பை மாற்றினார், இன்னொருவர் பில்டரை மாற்றினார். மூன்றாமவர் கூடவே வந்து, வண்டி நின்றதும் பானெட்டைத் திறக்காமல் பின்னால் போய்ப் பெட்ரோல் டாங்க் மூடியைத் திருகினார். 'புஸ்' என்று காற்று உள்ளே இழுத்தது. மூடியில் இருந்த மூச்சுத் துளை தூசியால் அடைபட்டு, பெட்ரோல் குறையக் குறையக் காற்று நுழைய வழியின்றி, பம்பு இழுத்தும் வராத நிலை ஏற்பட்டிருந்தது. ஒரு குண்டூசியால் வேலை முடிந்தது. எங்கள் தெருவில் இதை 'மக்கர்' என்போம். அந்த மூன்றாமவர் சொன்னது 'சண்டி'. நடுத்தெருவில் படுத்து, வாலை முறுக்கினாலும் எழாமல், தனக்குத் தோன்றும்போது எழுந்து நடக்கும் மாட்டுக்கு உள்ள பெயர். அதையே வைத்துக்கொண்டால் என்ன?

அடையாறிலிருந்து:

சண்டி என்னைக் கவர்ந்துவிட்டது. ஆங்கிலத்தின் 'ஸ்டால்' என்பதும் மாட்டுக் கொட்டிலிலிருந்து வந்ததுதான். ஆனால் பாடநூல்களைச் செம்மை பார்ப்பவள் என்ற முறையில் ஓர் ஐயம். சண்டித்தனத்துக்குக் காரணம் மாட்டின் மனத்தில் இருக்கிறது. எஞ்சினுக்கு மனம் கிடையாது, அடைபட்ட துளைதான் உண்டு. சண்டி என்று பெயரிட்டால் மாணவர் காரணம் தேடாமல் திட்டிவிட்டுப் போய்விடுவார்.

'பொறி' என்பதையும் விட்டுவிடுங்கள். 'பொறி நின்றால் பொறி வருகிறதா என்று பார்' என்ற வாக்கியத்தை உங்கள் கையேட்டில் தவிர்க்க முடியாது. எஞ்சினும் அதுவே, தீப்பொறியும் அதுவே.

நாம் தேடும் பொருள் நாள்தோறும் பேசும் 'நின்றுபோச்சு' என்பதிலேயே இருக்கிறது. கார் நின்றது என்றால் ஓட்டுநரே நிறுத்தியிருக்கலாம். நின்றுபோனது என்றால் யாரும் விரும்பாமல் நேர்ந்தது. உடைந்துபோனது, கெட்டுப்போனது என்பவற்றில் வரும் அதே துணைவினை. காய்ச்சலுக்கு நாம் சொல்லும் 'விட்டுவிட்டு' என்பதை முன்னால் சேர்த்து, 'எஞ்சின் விட்டுவிட்டு நின்றுபோதல்' என்று எழுதலாம். இரண்டு வகைகளையும் பிரிக்க 'உடனே ஓடுவது', 'ஆறியபின் ஓடுவது' என்று அடைமொழி போதும்.

மயிலாப்பூரிலிருந்து:

அம்மா சொன்னது விளக்கம், கலைச்சொல் ஆகாது. கலைச்சொல்லிலிருந்து வேறு சொற்கள் கிளைக்க வேண்டும். துஞ்சல், துஞ்சாமை, வெப்பத்துஞ்சல் என்று என் சொல் கிளைக்கும். 'விட்டுவிட்டு நின்றுபோதல்' என்பதிலிருந்து எதைக் கிளைப்பீர்கள்? 'பொறி'க்கு மாறாக அம்மா இட்ட 'எஞ்சின்' என்பதைத் திசைச்சொல், அதாவது அயல் நிலத்திலிருந்து வந்து தமிழில் ஏற்கப்படும் சொல், என்று கொள்ளவும் நான் ஆயத்தமாக இல்லை. செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த நாடுகளின் வழக்கைத்தான் தொல்காப்பியர் அவ்வாறு சொன்னாரேயன்றி, கடல் கடந்து வந்த எல்லாவற்றுக்கும் அதைக் கதவாகத் திறந்துவைக்கவில்லை.

அம்பத்தூரிலிருந்து:

நேற்று வகுப்பில் நான்கு சொற்களையும் கரும்பலகையில் எழுதிக் கேட்டேன். 'வெப்பத்துஞ்சல்' என்றால் வெயிலில் சுருண்டு விழுவதா என்று ஒரு மாணவர் கேட்டார். சண்டிக்குச் சிரிப்பு எழுந்தது. 'நின்றுபோதல்' என்றதும் ஒருவரும் பொருள் கேட்கவில்லை. கிளைச்சொல் பற்றி மயிலாப்பூர் ஐயா எழுப்பிய வினாவுக்கு என்னிடம் விடை இல்லை. நேரமும் இல்லை. அடையாறு அம்மாவின் சொல்லையே இட்டு அனுப்பிவிட்டேன். அச்சுப்படியின் படம் இணைப்பில் உள்ளது.

அடையாறிலிருந்து:

படத்தைப் பார்த்தேன். தலைப்பில் 'நின்று போதல்' என்று இடைவெளி விட்டுக் கோத்திருக்கிறார்கள். அப்படிப் பிரித்தால், சற்று நின்று பிறகு புறப்பட்டுப் போவது என்று பொருள் மாறிவிடும். அச்சகத்துக்கு உடனே தொலைபேசியில் சொல்லிச் சேர்த்துப் போடச் சொல்லுங்கள்.

மயிலாப்பூரிலிருந்து:

துஞ்சலில் இடைவெளிச் சிக்கலே எழாது என்பதைப் பதிவு செய்கிறேன்.