கேரவன் கதவைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது – செட்டிநாட்டில் இன்னும் 4 இரவு தங்கணும், உதவி தேவை

செம்மண்சாலை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரம். டிராவலர் வண்டியை கேரவனாக மாற்றிய வண்டி எங்களுடையது. மனைவி, 6 வயசுப் பையன், அப்பா, 74 வயசு அப்பத்தா, நான் என்று ஐந்து பேர். கானாடுகாத்தான் பக்கம் சொந்தக்காரங்க வீட்டுப் பின்கட்டு வாசலில் நிறுத்தியிருக்கோம். பின்கட்டு அடுப்படியில் இருக்கும் 15 ஆம்பியர் பிளக்கில் இருந்து வண்டிக்கு கரண்ட் எடுத்திருக்கோம்.

இன்னைக்குக் காலையில் வாசல் தெளித்த ஈரத்தில் அப்பத்தா வெறுங்காலோடு நின்று வண்டிக் கதவைப் பிடித்ததும் சுரீர்னு அடித்துவிட்டது. கையை உதறி விட்டுட்டாங்க, இப்ப நல்லா இருக்காங்க. செருப்புப் போட்டிருந்த பையனுக்கு ஒண்ணும் தெரியலை. வண்டிக்குள்ளே இருப்பவங்களுக்கும் ஒண்ணும் இல்லை. பிளக்கைப் பிடுங்கி இன்வர்ட்டரில் ஓட்டினால் ஷாக் இல்லை. "இது சும்மா திரும்பி வரும் ரிட்டர்ன் கரண்ட், ஒண்ணும் ஆகாது" என்கிறார் தெரிந்தவர் ஒருவர். நம்பலாமா?

வண்டியில் இருப்பது: 12.8 வோல்ட் 100 ஏ.எச். லித்தியம் பேட்டரி, சார்ஜர், 1000 வாட் இன்வர்ட்டர், 300 வாட் சோலார், 12 வோல்ட் ஃபிரிட்ஜ், சின்ன ஏசி, 2000 வாட் கெய்சர். பின் கேரியரில் பெட்ரோல் ஜெனரேட்டர்.

இன்னொன்று: அடுத்து பிள்ளையார்பட்டி பக்கம் இரண்டு இரவு, திருமயத்தில் ஒரு இரவு. எங்கே நிறுத்தினால் பாதுகாப்பு?

ஒயர்மேன்\_தேவகோட்டை:

தம்பி, முதலில் பிளக்கைப் பிடுங்குங்க. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பழைய வீடுகளில் ஃபேஸும் (கரண்ட் வரும் உயிர்க் கம்பி) நியூட்ரலும் (கரண்ட் திரும்பும் கம்பி) இடம் மாறி இருந்தால், சுவிட்ச் நியூட்ரலைத்தான் வெட்டும். வண்டிக்குள் உயிர்க் கம்பி அப்படியே இருக்கும். பிடுங்கிய பிறகு மீதியைப் படியுங்க.

"ஒண்ணும் ஆகாது" என்று சொன்னவர் பேச்சைக் கேட்காதீங்க. ரப்பர் டயர் மேல் நிற்கும் வண்டிக்குத் தரையோடு தொடர்பே கிடையாது. பாடியில் கரண்ட் ஏறினால் உள்ளே இருப்பவர் மொத்த உடம்பும் அதே வோல்டேஜில் இருக்கும், அதனால் அவருக்குத் தெரியாது. ஒரு கை வண்டியிலும் ஒரு கால் ஈரத் தரையிலும் வைப்பவர் உடம்பு வழியாகத்தான் அது தரைக்கு இறங்கும். அப்பத்தா நின்ற நிலை அதுதான். பையனைக் காப்பாற்றியது ரப்பர் செருப்பு.

மல்டிமீட்டர் இருக்கா? ஏசி வோல்டேஜில் வைத்து, வீட்டு சாக்கெட்டில் மட்டும் மூன்று அளவு எடுங்க. வண்டி இணைப்பில் இருக்கக் கூடாது. சாக்கெட்டை நேராகப் பார்த்தால் மேலே பெரிய துளை எர்த் (கசியும் கரண்டைத் தரைக்கு இறக்கும் கம்பி), வலது ஃபேஸ், இடது நியூட்ரல்.

ஃபேஸ்–நியூட்ரல் 230க்குப் பக்கத்தில் வரணும். ஃபேஸ்–எர்த்தும் கிட்டத்தட்ட அதே அளவு வரணும். நியூட்ரல்–எர்த் 3 வோல்ட்டுக்குள் இருக்கணும். செருப்புப் போட்டு, உலர்ந்த தரையில் நின்று, மீட்டர் குச்சியின் பிளாஸ்டிக் பகுதியை மட்டும் பிடிங்க.

செம்மண்சாலை:

எடுத்துட்டேன் அண்ணே. ஃபேஸ்–நியூட்ரல் 228. ஃபேஸ்–எர்த் 96. நியூட்ரல்–எர்த் 131.

ஒயர்மேன்\_தேவகோட்டை:

அந்த எர்த் பின் எதிலும் சேரவில்லை. அந்தரத்தில் தொங்குகிறது. அதனால்தான் வோல்டேஜ் இரண்டு பக்கமும் பங்கு போட்டுக் காட்டுகிறது. ஒன்று கம்பி எங்கோ அறுந்திருக்கும், இல்லை எர்த் குழி செத்துப் போயிருக்கும். நம்ம பக்கத்துச் செம்பாறை மண் காய்ந்துவிட்டால் கரண்டை வாங்காது. குழியில் உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றி வருஷக்கணக்கில் ஆன வீடுகளில் எர்த் பேருக்குத்தான் இருக்கும்.

ஷாக்குக்குக் காரணம் இரண்டில் ஒன்று. முதலாவது, பேட்டரி சார்ஜருக்குள் இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் (கரண்டின் இரைச்சலை வடிகட்டும் உறுப்புகள்) ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவான கரண்டை எர்த்துக்கு விடும். எர்த் இல்லாவிட்டால் அது பாடியில் தங்கி, பாதி வோல்டேஜாக லேசாகக் குறுகுறுக்கும். இரண்டாவது, ஏதோ ஒரு சாதனத்தில் இன்சுலேஷன் (கரண்ட் கசியாமல் தடுக்கும் உறை) போய்விட்டது. இது ஆளைக் கொல்லும். கையால் தொட்டு இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. காரைக்குடியிலிருந்து 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைத்திருக்கும் ஒயர்மேனைக் கூப்பிடுங்க. பிளக்கைப் பிடுங்கிய நிலையில் வண்டியின் ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து, அதற்கும் பாடிக்கும் இடையே பார்க்கணும். சார்ஜர், இன்வர்ட்டர் இரண்டையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் மெக்கர் போடணும், இல்லாவிட்டால் அவை கெட்டுவிடும். ஒவ்வொரு சாதனமாகத் தனியாகப் பார்க்கச் சொல்லுங்க. 1 மெகா ஓமுக்குக் கீழே எது வருகிறதோ அதைத் தொடாதீங்க.

இன்னொரு சந்தேகம். அதே அடுப்படியில் வீட்டு கிரைண்டர், ஃபிரிட்ஜ் ஓடுகிறதா? எர்த் கம்பி செத்துவிட்டால் எல்லா பிளக்கின் எர்த் பின்னும் தங்களுக்குள் மட்டும் சேர்ந்திருக்கும். அவங்க கிரைண்டரின் பழுது உங்கள் வண்டிப் பாடிக்கு வரும், உங்கள் பழுது அவங்க கிரைண்டருக்குப் போகும். மாவாட்டும் ஆச்சியிடம் இப்பவே ஒரு வார்த்தை சொல்லிடுங்க.

ஊருணிக்கரை:

நிறுத்துமிடம் பற்றி நான் சொல்கிறேன். நீங்க வந்திருப்பது தைப்பூசத்துக்கு முந்தின நாட்கள் என்றால் முதலில் இதை மனசில் வையுங்க: குன்றக்குடியிலிருந்து பழனி பாதயாத்திரை போகிறவங்க திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம் வழியில் விடியலுக்கு முன்னாடியே நடப்பாங்க. சாலையோரத்திலேயே படுத்தும் இருப்பாங்க. அந்தப் பாதையில் இருட்டிய பிறகு கேரவனை ஓட்ட வேண்டாம். ஓட்டியே ஆகணும் என்றால் 30க்கு மேல் போகாதீங்க, லைட்டைத் தாழ்த்திப் போடுங்க, சாலையை விட்டுக் கீழே இறக்கி நிறுத்தவே நிறுத்தாதீங்க. பொங்கலை ஒட்டி சிராவயல் பக்கம் மஞ்சுவிரட்டுக் கூட்டம் இருந்தால், அன்றைக்குப் பிள்ளையார்பட்டிக்கு வேறு வழி கேட்டுப் போங்க.

பிள்ளையார்பட்டியில் கோயிலைச் சுற்றியுள்ள விடுதிகளில் ஒரு அறை மட்டும் எடுத்து, காம்பவுண்டுக்குள் வண்டியை நிறுத்தக் கேளுங்க. அப்பத்தாவுக்குக் குளியலறையும் கிடைக்கும். தேரோடும் வீதியில் நிறுத்தக் கூடாது. திருமயத்தில் கோட்டை மதிலை ஒட்டி ராத்திரி தங்காதீங்க. சாயங்காலத்துக்குப் பிறகு நடமாட்டம் குறைந்துவிடும். ஊருக்குள் லாட்ஜ் முற்றமோ, ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும் பெட்ரோல் பங்க்கோ பாருங்க. பங்க்கில் மேனேஜரிடம் கேட்டு, எண்ணெய் போடும் இடத்திலிருந்து தள்ளி நிறுத்துங்க. அங்கே அடுப்பைப் பற்ற வைக்கவே கூடாது.

இடம் பார்க்கும்போது நிமிர்ந்து பாருங்க. தென்னை மரத்தடி வேண்டாம். காய்ந்த மட்டை ஒன்று விழுந்தாலே சோலார் தகடு போய்விடும். கண்மாய்க்குள் தரை சமமாக, அழகாக இருக்கும். ஆனால் மேல்மண் காய்ந்து அடியில் சேறு இருக்கும், டிராவலர் எடைக்குப் பின்சக்கரம் இறங்கிவிடும். கரை மேலும் ஏற்றாதீங்க. ஊருணிப் பக்கம் தங்கினால் குளித்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர் ஒரு சொட்டுகூட அங்கே இறங்கக் கூடாது. பல ஊர்களில் அதுதான் குடிதண்ணீர். ஊர்க்காரங்க கோபப்பட்டால் நியாயம் அவங்க பக்கம்தான்.

எங்கே நிறுத்தினாலும் வண்டி மூக்கு சாலையைப் பார்த்து இருக்கட்டும். ஓட்டுநர் இருக்கையில் பை, தலையணை எதுவும் வைக்காதீங்க. சாவி ஒரே ஆணியில் தொங்கட்டும். பெரியவங்க எல்லாருக்கும் அந்த ஆணி தெரியணும். உள்ளே பூட்டுப் போடாமல் தாழ்ப்பாள் மட்டும் போடுங்க, இருட்டில் பூட்டுச் சாவி தேட நேரம் இருக்காது. யாராவது கதவைத் தட்டினால் திறக்காமல் ஜன்னல் வழியே பேசுங்க. சரியில்லை என்று தோன்றினால் இறங்காமல் அப்படியே ஓட்டிக் கிளம்புங்க, 112க்கு அடிங்க. அவசரத்தில் இடம் சொல்ல, நிறுத்தியதுமே பக்கத்து மைல்கல் எண்ணையும் ஊர்ப் பெயரையும் எழுதி ஒட்டி வையுங்க.

இருட்டில் இறங்கும்போது டார்ச்சும் செருப்பும் கட்டாயம். வண்டிக்கு அடியில் சூட்டுக்காகப் பாம்பு வந்து படுக்கும். கடித்தால் கட்டுப் போடாதீங்க, கீறாதீங்க. கையை காலை அசைக்காமல் வைத்து 108ஐக் கூப்பிட்டு, காரைக்குடி அரசு மருத்துவமனைக்குப் போங்க.

லாரிப்பட்டறை:

உயரம் எவ்வளவு என்று அளந்தீங்களா? ஏசி, சோலார் தகடு எல்லாம் சேர்த்துத் தரையிலிருந்து உச்சி வரை டேப் வைத்து அளந்து, ஸ்டீயரிங் எதிரே எழுதி ஒட்டுங்க. செட்டிநாட்டுத் தெருக்கள் நேராக, அகலமாகத்தான் இருக்கும். ஆனால் கம்பத்திலிருந்து வீட்டுக்குப் போகும் சர்வீஸ் ஒயர் நடுத்தெருவில் தொய்ந்து தொங்கும். ஒருவர் இறங்கி முன்னால் நடந்து பார்க்கணும். கம்பை வைத்து ஒயரைத் தூக்கிவிடும் வேலை மட்டும் வேண்டாம்.

தண்ணீர்த் தொட்டி 100 லிட்டர் என்றால் 100 கிலோ. எடைமேடையில் முன் அச்சு, பின் அச்சு தனித்தனியாகப் போட்டு ஆர்.சி.யில் உள்ள எடையோடு ஒப்பிடுங்க. டயர் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம். குறைவாக ஓடிய கேரவனில் டயர் பட்டன் (தரையில் படும் மேல்பகுதி) புதிதாகத் தெரியும், ரப்பர் கிழமாகியிருக்கும். ஆறு வயசு தாண்டியதை மாற்றிவிடுங்க. சீமைக் கருவேல முள் நிறைந்த ஊர் என்பதால் ஸ்டெப்னியில் காற்று பார்த்து வையுங்க.

கேஸ்\_ஸ்டவ்\_மெக்கானிக்:

ஜெனரேட்டர் என்று படித்ததும் பதறிவிட்டது. ராத்திரி ஏசிக்காக அதை ஓட்டிவிட்டுத் தூங்கவே கூடாது. 2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில் கேரவனுக்குள் தூங்கிய இரண்டு பேர் ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்து இறந்துபோனாங்க. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம், அவ்வளவுதான் அறிகுறி. பின் கேரியரில் வைத்தே ஓட்டினால் தரை ஓட்டை, கதவு இடுக்கு வழியாக ஏறிவிடும். ஓட்டணும் என்றால் பகலில், கீழே இறக்கி, குறைந்தது 6 மீட்டர் தள்ளி, காற்று வண்டியிலிருந்து ஜெனரேட்டர் பக்கம் அடிக்கும்படி வையுங்க.

அலாரம் இரண்டு வேணும். கார்பன் மோனாக்சைடு அலாரம் படுத்திருப்பவர் மூச்சு உயரத்தில். எல்பிஜி அலாரம் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், ஏனென்றால் சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், கீழேதான் தேங்கும். சிலிண்டர் பெட்டியின் அடித்தட்டில் வெளியே திறக்கும் ஓட்டை இருக்கணும், அதைக் கோணியால் அடைத்துவிடாதீங்க. வண்டி ஓடும்போது ரெகுலேட்டர் மூடியிருக்கணும். கேஸ் வாசனை வந்தால் எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். எக்ஸாஸ்ட் ஃபேனும் அதில் சேர்த்திதான். கதவைத் திறந்து எல்லாரும் இறங்கி, 1906க்கு அடிங்க. தீயணைப்பான் 2 கிலோ ஏபிசி பவுடர் போதும். அடுப்புப் பக்கத்தில் மாட்டாமல் கதவுப் பக்கம் மாட்டுங்க.

செம்மண்சாலை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஒயர்மேன் வந்து மெக்கர் போட்டார். ஏசி 20 மெகா ஓமுக்கு மேல். வண்டி ஒயரிங்கும் நல்லா இருக்கு. கெய்சர் மட்டும் 0.08 மெகா ஓம். வீட்டு கிரைண்டர் சரியாக இருக்கு. இப்ப கெய்சரை ஆஃப் செய்து வைத்தால் போதுமா? எல்லாம் சரிசெய்யும்வரை வீட்டுக் கரண்ட் இல்லாமல் எப்படிச் சமாளிக்க?

ஒயர்மேன்\_தேவகோட்டை:

பிடிபட்டது. கெய்சர் காயிலுக்குள் கம்பியைச் சுற்றி மெக்னீசியம் ஆக்சைடு பொடி இருக்கும். தொட்டியில் தண்ணீர் இல்லாமல் ஒருமுறை போட்டாலோ, போர் தண்ணீர் உப்பு படிந்து சூடானாலோ மேலுறை வெடிக்கும், பொடிக்குள் ஈரம் ஏறும். வெந்நீர் வந்துகொண்டே இருக்கும், கரண்டும் கசிந்துகொண்டே இருக்கும்.

ஆஃப் செய்தால் போதாது. ஒற்றைச் சுவிட்ச் ஒரு கம்பியைத்தான் வெட்டும். ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் கழற்றிவிடுங்க. புதுக் காயில் போட்டு மறுபடி மெக்கர் பார்க்காமல் இணைக்க வேண்டாம்.

கரண்ட் இல்லாமல் சமாளிக்கலாமா என்றால், தாராளமாக. உங்கள் பேட்டரியில் 1280 வாட் அவர் இருக்கு. ஃபிரிட்ஜ் ராத்திரி 12 மணி நேரத்துக்குச் சுமார் 300, இரண்டு 25 வாட் ஃபேன் 9 மணி நேரத்துக்கு 450, விளக்குக்கு 60. மொத்தம் 810. பகலில் 300 வாட் சோலார் வெயிலில் நின்றால் 1000க்குப் பக்கத்தில் திருப்பிக் கொடுக்கும். தை மாசக் குளிருக்கு ஏசி எதுக்கு? கொசுவலை கட்டி ஜன்னலைத் திறங்க. இந்த நாலு இரவுக்கு உங்களுக்கு பிளக்கே தேவையில்லை, ஜெனரேட்டரும் தேவையில்லை.

ஊருக்குத் திரும்பியதும் இரண்டு வேலை. வண்டிக்குள் கரண்ட் நுழையும் முதல் இடத்திலேயே 2 போல் (இரண்டு கம்பியையும் வெட்டும்), 25 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் வெட்டும் சுவிட்ச்) போடுங்க, அதையடுத்து 2 போல் 16 ஆம்பியர் எம்சிபி (அளவுக்கு மீறிக் கரண்ட் ஓடினால் வெட்டும் சுவிட்ச்). டெஸ்ட் பட்டனை அழுத்தினால், எர்த்தே இல்லாவிட்டாலும் ஆர்சிசிபி டக்கென்று விழும். அதைப் பார்த்து "எர்த் இருக்கு" என்று நினைக்காதீங்க. மீட்டர் வைத்துத்தான் எர்த் பார்க்கணும்.

இரண்டாவது, 1.2 மீட்டர் செம்பு பூசிய எர்த் கம்பி ஒன்று, 6 சதுர மி.மீ. பச்சை ஒயரோடு. வீட்டு எர்த் சரியில்லாத இடத்தில் அதைத் தரையில் அடித்து வண்டிப் பாடியோடு சேர்க்கணும். செம்பாறையில் இறங்காது. தென்னைக்கு வாய்க்கால் தண்ணீர் பாயும் ஈர மண்ணாகப் பாருங்க. அங்கே 100 ஓம் கிடைத்தால்கூட, பழுது வந்தால் 2.3 ஆம்பியர்தான் ஓடும். 16 ஆம்பியர் எம்சிபி அசையாது, ஆனால் ஆர்சிசிபி உடனே விழுந்துவிடும். ஆர்சிசிபி இல்லாமல் வெறும் கம்பியை நம்பாதீங்க.

சாக்கெட்டில் நியூட்ரல்–எர்த் 0.0 என்று காட்டினால் சந்தோஷப்படாமல், பக்கத்துப் பிளக்கில் ஒரு அயர்ன் பாக்ஸைப் போட்டுப் பாருங்க. உண்மையான எர்த் என்றால் அரை வோல்ட், ஒரு வோல்ட் கூடும். அசையாமல் 0.0 என்றே நின்றால் யாரோ நியூட்ரலையே எர்த் பின்னில் முறுக்கிவிட்டிருக்காங்க. அந்த சாக்கெட்டில் நியூட்ரல் அறுந்த நொடியில் வண்டி முழுக்க 230 வோல்ட். அங்கே இணைக்காதீங்க.

கேபிள் 3 கோர், 2.5 சதுர மி.மீ. செம்பு. சுருளை முழுசாகப் பிரித்துப் போடணும், சுருண்டபடி ஓட்டினால் நடுவில் உருகிவிடும்.

செம்மண்சாலை:

கெய்சர் ஒயர் இரண்டையும் கழற்றியாச்சு. முனையில் டேப் சுற்றியிருக்கேன். சரிதானே அண்ணே?

ஒயர்மேன்\_தேவகோட்டை:

வண்டி குலுக்கலிலும் சூட்டிலும் டேப் பசை விட்டுவிடும். முனைகளைத் தனித்தனியாக மூடிய கனெக்டரில் திருகி, பிளாஸ்டிக் ஜங்ஷன் பெட்டிக்குள் வைத்து மூடுங்க. கெய்சருக்குப் போகும் தண்ணீர் வால்வையும் அடைத்துடுங்க. அப்பத்தாவுக்குப் படிப் பக்கத்தில் ஒரு ரப்பர் மிதியடி போட்டு, அவங்க செருப்பை அதன் மேலேயே வையுங்க.