லான்சோவில் ஒரு கிண்ணம் அர்-ஷி

மாவைக் கையால் இழுத்துச் செய்யும் சீன நூடுல்ஸ் பற்றி என் அனுபவத்தைச் சொல்கிறேன். 2018இல் வேலை விஷயமாகச் சீனாவின் ஷியான் நகரில் இரண்டு மாதம் இருந்தேன். கூட வேலை பார்த்த நண்பர், கான்சு மாகாணத் தலைநகரான லான்சோவைச் சேர்ந்தவர். ஷியானில் நான் சாப்பிட்ட 'லான்சோ லாமியென்' (லான்சோவின் இழுத்த நூடுல்ஸ்) கடையைப் புகழ்ந்தபோது அவர் முகம் மாறிவிட்டது. "அந்தக் கடைகளை நடத்துகிறவர்கள் பெரும்பாலும் பக்கத்து சிங்ஹாய் மாகாணத்து ஹுவாலோங்காரர்கள். நீங்கள் ஊருக்கே வந்து சாப்பிடுங்கள்" என்றார். அதிவேக ரயிலில் மூன்று மணி நேரம்தான். ஒரு வெள்ளிக்கிழமை இரவே கிளம்பிவிட்டேன்.

லான்சோ, மஞ்சள் ஆற்றின் இரு கரையிலும் நீண்டு கிடக்கும் ஊர். அங்கே 'லாமியென்' என்று யாரும் சொல்வதில்லை, 'நியூரோ மியென்' தான். மாட்டிறைச்சி நூடுல்ஸ் என்று பொருள். அதைக் காலை உணவாகச் சாப்பிடுகிறார்கள். பல கடைகள் மதியம் தாண்டியதும் அடைத்துவிடுவார்கள்.

முதல் நாள் நண்பருக்கு வீட்டில் வேலை, அதனால் நான் மட்டும் ஏழு மணிக்குப் போனேன். பத்துப் பன்னிரண்டு மேசைதான் இருக்கும். இடமில்லாமல் வாசல் படியில் குந்தியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு நாற்காலி காலியானதும் உட்கார்ந்தேன். பத்து நிமிடமாகியும் யாரும் வந்து கேட்கவில்லை. எதிரே இருந்த பெரியவர் கல்லாவைக் கைகாட்டினார். அங்கே போய்ப் பணம் கட்டினேன், ஏழு யுவான். ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தார்கள். அதைச் சமையலறை ஜன்னலில் நீட்டினால் உள்ளே இருந்தவர் ஒரே ஒரு சொல் கேட்டார். புரியவில்லை. தலையாட்டினேன். கிண்ணம் வந்தது. ஆசையாக நான்கைந்து படம் எடுத்து, வீட்டுக்கு அனுப்பி, அப்புறம் சாப்பிட ஆரம்பித்தேன். மேசை துடைக்கும் அம்மா இரண்டு முறை வந்து கிண்ணத்தையும் என்னையும் பார்த்து, சீக்கிரம் சீக்கிரம் என்று கையசைத்தார். இடத்துக்காக விரட்டுகிறார் என்று நினைத்து எனக்கு மனசே சரியில்லை. நூடுல்ஸும் ஊறிப்போய்க் கொழகொழவென்று இருந்தது.

மறுநாள் நண்பரோடு அதே கடைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னதும், "அவர் உங்களை விரட்டவில்லை. இந்த நூடுல்ஸ் கிண்ணத்தில் விழுந்த நிமிடத்திலிருந்து ஊற ஆரம்பிக்கும். கெட்டுப்போகிறதே என்று அவருக்குத் தவிப்பு" என்றார். ஜன்னலில் கேட்ட அந்த ஒரு சொல் எந்தத் தடிமன் வேண்டும் என்பது. மயிரிழை போன்றது மாவ்-ஷி. கொஞ்சம் பருமனாக அர்-ஷி. தட்டையாக ஜியூ-யே. இடுப்பு பெல்ட் அகலத்துக்கு தா-குவான். மூன்று பட்டை வைத்த முக்கோண இழைகூட உண்டு. அத்தனை கூட்டத்திலும் ஒவ்வொருவரையும் கேட்டு, கேட்டபிறகுதான் அவருக்கென்று மாவை எடுக்கிறார்கள். முன்கூட்டியே இழுத்து வைத்தது ஒன்றுமில்லை.

அன்று ஜன்னலை விட்டு நகராமல் நின்று பார்த்தேன். மாஸ்டருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. எண்ணெய் தடவி மூடி வைத்த மாவு உருளையில் ஒன்றை எடுத்தார். மேசையில் உருட்டி, இரு முனையையும் பிடித்துக் கையை விரித்தார். ஒரு கை நீளம் வந்ததும் இரண்டாக மடித்து, மடிப்பில் விரலைக் கொடுத்து மறுபடி இழுத்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் இழை இரட்டிப்பாகும்: 2, 4, 8, 16. ஏழாவது மடிப்பில் 128. கடைசி இழுப்பில் மேசையில் பட்டென்று ஓர் அடி. கையில் பிடித்திருந்த முனையைக் கிள்ளி எறிந்துவிட்டு, இழைகளைக் கொதிக்கும் அண்டாவில் வீசினார். எல்லாம் நான் மூச்சு விட்டு வாங்குவதற்குள் முடிந்துவிட்டது. ஒரு இழையும் அறவில்லை.

மாவு அப்படி இழுபட முன்பெல்லாம் 'பெங்ஹுய்' சேர்ப்பார்களாம். வறண்ட நிலத்தில் வளரும் ஒரு செடியை எரித்தெடுத்த, அல்கலித் தன்மையுள்ள சாம்பல் அது. இப்போது பெரும்பாலும் ஆலையில் செய்த பொடிதான். நூடுல்ஸின் இளமஞ்சள் நிறமும் அந்த அல்கலியால் வருவதே.

கிண்ணத்துக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: ஒன்று தெளிவு, இரண்டு வெள்ளை, மூன்று சிவப்பு, நான்கு பச்சை, ஐந்து மஞ்சள். தெளிந்த சூப், முள்ளங்கி வில்லை, மிளகாய் எண்ணெய், கொத்தமல்லியும் பூண்டுத்தாளும், நூடுல்ஸ். 1915இல் மா பாவ்சி என்ற, சீனாவின் ஹுய் இனத்து முஸ்லிம் இந்த உணவை ஆரம்பித்ததாகச் சொல்வார்கள். இன்றும் இந்தக் கடைகள் ஹலால் கடைகளே.

எனக்குப் பிடித்தது சூப்தான். மாட்டெலும்பும் பலவகை மசாலாவும் போட்டு மணிக்கணக்கில் கொதித்த பிறகும் அடி தெரிகிற அளவுக்குத் தெளிவு. மேலே செக்கச்செவேலென்று மிதக்கும் எண்ணெயைப் பார்த்தால் காரம் பயமுறுத்தும், ஆனால் வாயில் வறுத்த மிளகாய் வாசமே முந்துகிறது. இறைச்சி மட்டும் சின்னச் சின்னத் துண்டாகக் கொஞ்சமாகத்தான் வரும். நிறைய வேண்டுமென்றால் தனியாகக் காசு கட்ட வேண்டும். பச்சைப் பூண்டு ஒரு பல்லைக் கடித்துக்கொண்டு சாப்பிடுவது அந்த ஊர்ப் பழக்கம். எதிரே இருந்தவர் உரித்துக் கொடுத்தார். நன்றாகவே இருந்தது.

ஊர்க்காரர்களுக்கு இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு நண்பர் சொன்ன ஒரு விஷயம். 2007இல் விலை ஏறியபோது நகர நிர்வாகமே தலையிட்டு, சாதாரணக் கடையில் பெரிய கிண்ணம் இரண்டரை யுவானுக்கு மேல் விற்கக்கூடாது என்று வரம்பு வைத்ததாம்.

போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். முதல்முறை என்றால் ஜியூ-யே கேளுங்கள், குச்சியில் வழுக்காமல் நிற்கும். நான் அர்-ஷிக்காரன் ஆகிவிட்டேன். முதலில் காசு, அப்புறம் சீட்டு, அப்புறம் ஜன்னல். படம் எடுக்க வேண்டுமென்றால் மாஸ்டர் மாவை இழுக்கும்போதே எடுத்துவிடுங்கள். கிண்ணம் கைக்கு வந்ததும் வினிகர் நாலு சொட்டு விட்டு, உடனே சாப்பிடுங்கள்.