தரம் 9இல் உலகக் கல்வி: தனி அலகா, இருக்கிற பாடத்துக்குள்ளா?

சம்மாந்துறை ஆசிரியர்:
அடுத்த தவணை வேலைத்திட்டத்தில் தரம் 9 புவியியலிலும் குடியியற் கல்வியிலும் உலகக் கல்வியை, அதாவது நம் வாழ்க்கை மற்ற நாடுகளோடு எப்படிப் பிணைந்திருக்கிறது என்று காட்டும் கல்வியை, சேர்க்கச் சொல்கிறார்கள். பாடவேளை கூட்டித் தரமாட்டார்கள். 40 நிமிடத்துக்குள் பாடத்திட்டத்தை முடிப்பதே பெரும்பாடு. வகுப்பில் 38 பிள்ளைகள். தனி அலகாக எழுதுவதா, இருக்கிற அலகுக்குள் கொண்டுவருவதா? கொடியும் உடையுமாக ஒரு நாள் விழாவோடு முடிந்துவிடக் கூடாது.

வயலோரம்:
தனி அலகு வேண்டாம் சேர். பரீட்சை நெருங்கினால் முதலில் வெட்டுப்படுவது அதுதான். ஆசிரியர் வழிகாட்டியில் ஏற்கெனவே இருக்கும் தேர்ச்சி மட்டம் (பிள்ளை அடைய வேண்டிய திறன்) ஒன்றை எடுத்து, அதன் உதாரணத்தை மட்டும் மாற்றுங்கள். உங்கள் பக்கத்துக்கு வெற்று யூரியா பையே போதும். யாலப் போகத்துக்குப் பசளை போடும் காலம் இரண்டாம் தவணைக்குள் வருவதால் பைக்கு அலைய வேண்டியதில்லை.

குழுவுக்கு ஒன்றாக ஆறு பை. நன்றாகக் கழுவிக் காயவைத்து, தையல் ஓரத்தைப் பிரித்து விரித்துவிடுங்கள். முதல் பாடவேளையில் பிள்ளைகள் பையை வாசிக்கட்டும்: எடை, நைதரசன் வீதம், உற்பத்தி நாடு. 50 கிலோப் பையில் 46% என்றால் நைதரசன் 23 கிலோ. இதை அவர்களே கணக்கிட வேண்டும். பிறகு அந்த நாட்டை உலகப் படத்தில் குறிக்கட்டும். யூரியாவை அமோனியாவிலிருந்து செய்கிறார்கள், அமோனியாவுக்குப் பெரும்பாலும் இயற்கை எரிவாயு வேண்டும். 2022இல் உக்ரைன் போரோடு எரிவாயு விலை ஏறியபோது பசளை விலையும் ஏன் ஏறியது என்பது இந்த இடத்தில் தானாக விளங்கும். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை இலங்கையில் தடைசெய்து நவம்பரில் தளர்த்தியதையும் சேர்த்துப் பேசலாம்.

இரண்டாம் பாடவேளையில் வயல்காரர், இறக்குமதியாளர், அரிசி வாங்கும் குடும்பம், வடிச்சல் தண்ணீர் போய்ச் சேரும் வாவியில் மீன்பிடிப்பவர் என்று நாலு பக்கத்திலிருந்தும் பாத்திரமேற்றுப் பேசவையுங்கள். நைதரசன் மிஞ்சினால் பாசி பெருகி, அது அழுகும்போது நீரில் ஒட்சிசன் குறையும். மீன் சாவது அதனால்தான்.

ஒன்று கவனியுங்கள்: உள்ளூரில் பொதிசெய்த சில பைகளில் உற்பத்தி நாடு இருக்காது. முதல் நாளே பார்த்து வையுங்கள், இல்லாவிட்டால் பாடம் பாதியில் நின்றுவிடும்.

மட்டுநகர் கணிப்பீடு:
உதாரணம் நல்லது. ஆனால் வழக்கமாகச் சறுக்குவது கணிப்பீட்டில். ஐ.நா.வின் நிலைபேறான அபிவிருத்தி இலக்கு 4.7 (உலகக் குடியுரிமை, நிலைபேறான அபிவிருத்தி பற்றிய கல்வியும் இதில் அடங்கும்) எந்த அளவுக்கு நடக்கிறது என்று பார்க்கும்போது கல்விக் கொள்கை, கலைத்திட்டம், ஆசிரியர் கல்வி, மாணவர் கணிப்பீடு ஆகிய நான்கையும் பார்க்கிறார்கள். நாம் கலைத்திட்டத்தை மட்டும் தொட்டுவிட்டுப் பழைய வினாத்தாளையே கொடுத்தால் பிள்ளை பழையபடி மனனம் செய்யும்.

“உலக ஒற்றுமை பற்றிக் கட்டுரை எழுதுக” என்று ஒப்படை கொடுக்கவே வேண்டாம். இணையத்திலிருந்து ஒரே பந்தி 38 கொப்பியிலும் வரும். பாடசாலை மட்டக் கணிப்பீட்டுக்கு 10 புள்ளியை இப்படிப் பிரிக்கலாம்: பையிலிருந்து எடுத்த தரவுக்கு 3, இரண்டு தரப்பின் நியாயத்தைச் சரியாகச் சொன்னதற்கு 4, தன் முடிவை ஆதாரத்தோடு எழுதியதற்கு 3. தன் குழுவின் பையில் இருந்த எண் விடையில் இல்லாவிட்டால் முதல் மூன்றும் கிடையாது. பார்த்தெழுதுவது பெருமளவு குறையும்.

நிந்தவூர்க் கரை:
கரையோரப் பாடசாலைகளுக்கு யூரியாவைவிட அம்பாறை மாவட்டக் கரையிலுள்ள ஒலுவில் துறைமுகம் பொருத்தம். டென்மார்க் கடனில் கட்டி 2013இல் திறந்தது. அலைதாங்கிச் சுவர் கரையோரமாக வடக்கே நகரும் மணலை மறிப்பதால் தெற்கில் மணல் சேர, வடக்கில் கரை அரிபடுகிறது. கூகிள் எர்த்தில் 2013க்கு முந்திய படம் ஒன்றையும் பிந்திய படம் ஒன்றையும் ஒரே உயரத்திலிருந்து எடுத்து அச்சிட்டுக் கொடுங்கள், ப்ரொஜெக்டர் தேவையில்லை. உயரம் மாறினால் ஒப்பீடு பிழைக்கும்.

பாத்திரமேற்று நடிப்பதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. காணியும் தோணி இழுக்கும் கரையும் பறிபோன வீட்டுப் பிள்ளை வகுப்பில் இருக்கும். அந்தப் பிள்ளையைத் துறைமுகத்துக்காக வாதாட வைப்பது கொடுமை. ஒவ்வொரு தரப்பின் கூற்றையும் சீட்டில் எழுதிக் கொடுத்து, “இதை ஏன் சொல்கிறார்?” என்று விளக்கச் சொன்னால் போதும்.

சம்மாந்துறை ஆசிரியர்:
நன்றி. சீட்டு முறையையே எடுக்கிறேன். வேலைத்திட்டத்தில் இதை எப்படிப் பதிவது?

வயலோரம்:
சீட்டு முறை யூரியாப் பாடத்துக்கும் நல்லதுதான், நானும் ஏற்கிறேன். பதியும்போது அலகுப் பெயரையும் தேர்ச்சி மட்ட இலக்கத்தையும் மாற்ற வேண்டாம். கற்றல் கற்பித்தல் செயற்பாடு என்ற நிரலில் “உரப் பைத் தரவு வாசிப்பு, 2 பாடவேளை” என்றும் கணிப்பீட்டு நிரலில் அந்த 10 புள்ளிப் பிரிப்பையும் எழுதுங்கள். மேற்பார்வைக்கு வரும் ஆசிரிய ஆலோசகருக்கு அது போதும்.