ரத்தம் எப்படித் திசு ஆகும்?

இரவுப்பறவை:
நாளைக்கு மகளுக்கு அறிவியல் தேர்வு. செல், திசு, உறுப்பு, உறுப்பு மண்டலம், உயிரி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். 'ரத்தம் ஒரு திசு' என்ற வரியில் மாட்டிக்கொண்டேன். "செல்லெல்லாம் ஒட்டிக்கிட்டு இருந்தாத்தான் திசுன்னு இப்பதானே சொன்னீங்க?" என்று கேட்கிறாள். அப்புறம் கணையத்தைச் செரிமான மண்டலத்திலும் போட்டிருக்கிறார்கள், நாளமில்லாச் சுரப்பிகளிலும் போட்டிருக்கிறார்கள். அச்சுப் பிழையா?

கண்ணாடித்தட்டு:
பிழை இல்லை. 'ஒட்டிக்கிட்டு' என்று நீங்கள் சொன்னதுதான் வினை! செல்களும் அவற்றைச் சூழ்ந்த பொருளும் சேர்ந்து ஒரு வேலையைச் செய்தால் திசு. எலும்பில் அந்தப் பொருள் கெட்டி, ரத்தத்தில் திரவம். அதுதான் பிளாஸ்மா. இரண்டுமே இணைப்புத் திசு வகைதான்.

கணையத்தின் பெரும்பகுதி செரிமான நீரைச் சுரந்து குழாய் வழியே சிறுகுடலுக்கு அனுப்புகிறது. நடுநடுவே திட்டுத் திட்டாக வேறு செல்கள் உண்டு. அவை இன்சுலினை நேராக ரத்தத்தில் விடுகின்றன. அதனால் இரண்டு இடத்திலும் பெயர்.

நானும் இதையெல்லாம் மனப்பாடம் செய்தவன்தான். கல்லூரி ஆய்வகத்தில் கோழிக் கருவின் இதயத்தைத் தனித்தனிச் செல்களாகப் பிரித்துத் தட்டில் வளர்த்தோம். முதலில் ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்குத் துடித்தது. ஒன்று படபடவென்று, பக்கத்தில் இருப்பது நின்று நின்று. இரண்டு மூன்று நாளில் அவை பரவி ஒன்றையொன்று தொட்டுவிட்டன. குனிந்து பார்த்தால் தட்டு முழுக்க ஒரே துடிப்பு! தொட்ட இடத்தில் நுண்ணிய வழிகள் உண்டாகி, மின்னூட்டம் கொண்ட அயனிகள் செல்லுக்குச் செல் பாய்வதால் வரும் ஒற்றுமை அது. ஆனாலும் அந்தத் தட்டால் ஒரு சொட்டு ரத்தத்தைக்கூட இறைக்க முடியாது. அறை, வால்வு, ரத்தக்குழாய், நரம்பு எல்லாம் கூடினால்தான் உறுப்பு.

ஈரமண்:
ஒரு சின்னத் திருத்தம். எல்லா உயிரும் இந்தப் படிகளில் ஏறுவதில்லை. பாக்டீரியாவுக்கு ஒரு செல்லே முழு உடம்பு. கடற்பஞ்சு என்ற எளிய விலங்குக்குப் பல செல்கள் உண்டு, உறுப்பு கிடையாது. 1907இல் எச். வி. வில்சன் என்ற அமெரிக்க உயிரியலாளர் அதைத் துணியில் வைத்துப் பிழிந்து சிதறடித்தார். செல்கள் மெல்ல ஒன்றுகூடி மறுபடியும் கடற்பஞ்சாகிவிட்டன. இதயத்தைப் பிழிந்தால் இதயம் திரும்பி வராது.

இரவுப்பறவை:
நன்றி. பிழிந்த கதையைச் சொன்னதும் "அதுக்கு வலிக்காதா?" என்றாள். சரி, இன்றைக்குப் படித்தாற்போலத்தான். அடுத்த கேள்வியும் வந்துவிட்டது: சிவப்பணுவில் உட்கருவே இல்லையே, அதுவும் செல்லா?

கண்ணாடித்தட்டு:
செல்தான். எலும்பு மஜ்ஜையில் உருவாகும்போது உட்கரு இருக்கும், முதிரும்போது வெளியே தள்ளிவிடும். அப்புறம் சுமார் 120 நாள் அது இல்லாமலேயே ஓடும். கடற்பஞ்சுக்கு நரம்புச் செல்லே கிடையாது என்றும் சொல்லிவிடுங்கள், நிம்மதியாகத் தூங்கட்டும்.