எபிடோப்: ‘முகப்பு’ வேண்டாம், ‘பற்றிடம்’ என்போம்

அன்புடையீர், வணக்கம்.

தசைப் புரதங்களை ஆராய உதவும் எதிர்ப்பொருள்களை (ஆன்டிபாடி) பற்றிய கட்டுரையில், புரதத்தில் எதிர்ப்பொருள் இனங்கண்டு பற்றும் பகுதியான எபிடோப்புக்கு ‘முகப்பு’ என்று ஆளலாம் எனத் தேவகோட்டை நண்பர் எழுதியிருந்தார். 1960இல் நீல்ஸ் யெர்னே ஆக்கிய அச்சொல்லுக்குள் ‘மேல்’, ‘இடம்’ என்னும் கிரேக்கப் பொருள்கள் இருப்பதாலும், வீட்டு முகப்பை அறியாதவர் செட்டிநாட்டில் இல்லை என்பதாலும், அது மனத்துக்கு இணக்கமாகவே இருக்கிறது. ஆயினும் அதை ஏற்க எனக்கு இயலவில்லை. அப்பகுதி எப்போதும் புரதத்தின் வெளிப்புறத்தில் இருப்பதில்லை. மடிப்புக்குள் மறைந்து கிடந்து, எஸ்.டி.எஸ். என்னும் சலவைப்பொருளைச் சேர்த்துச் சூடாக்கி மடிப்பைக் குலைத்த பிறகே வெளிப்படுவதும் உண்டு. இப்படி மடிப்புக் குலைத்த புரதங்களைப் பிரித்து எதிர்ப்பொருளால் இனங்காணும் வெஸ்டர்ன் பிளாட் முறையில் தெளிவான பட்டை காட்டும் எதிர்ப்பொருள், உறையவைத்து வெட்டிய தசைச் சீவலில் ஒன்றும் காட்டாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். உள்ளறையை முகப்பு என்று எப்படி அழைப்பது?

‘பிணைப்பிடம்’ என்பதும் உதவாது. தசைச் சுருக்கப் புரதமான மயோசினில், அதன் இணைப் புரதமான ஆக்டினுக்கும் ஆற்றல் தரும் ஏ.டி.பி.க்கும் (ATP) அப்பெயரிலேயே பிணைப்பிடங்கள் ஏற்கெனவே உள்ளன.

ஆகவே ‘பற்றிடம்’ என்கிறேன். பற்று என்றதும் பேரேட்டின் பற்று வரவுதான் நினைவுக்கு வரும் என்று காரைக்குடிப் பெரியவர் ஒருவர் தடுத்தார். கொண்டுவிற்று வாழ்ந்த ஊரில் அது நியாயமான தடையே. ஆனால் ‘இடம்’ சேர்ந்ததும் அந்த மயக்கம் நீங்கிவிடுகிறது. அமினோ அமிலங்கள் அடுத்தடுத்து அமைந்த தொடர் பற்றிடம், மடிப்பால் ஒன்றுசேர்ந்து அமையும் மடிப்புப் பற்றிடம் என்று கிளைச்சொற்களும் இயல்பாக அமைகின்றன.

இச்சொல் எவ்வளவு தேவை என்பதைத் தசையிழையின் சவ்வைத் தாங்கும் புரதமான டிஸ்ட்ரோபின் காட்டும். 427 கிலோடால்ட்டன் எடையுள்ள அந்த நீண்ட புரதத்தின் அமினோ முனை, நடுத்தண்டு, கார்பாக்சில் முனை ஆகிய மூன்றுக்கும் தனித்தனி எதிர்ப்பொருள்கள் உண்டு. டிஸ்ட்ரோபின் குறைபாட்டால் வரும் கடுமையான நோயான டுஷேன் தசைச்சிதைவில் பெரும்பாலான இழைகள் இம்மூன்றுக்குமே நிறம் காட்டுவதில்லை. அதைவிடக் கடுமை குறைந்த பெக்கர் வகையிலோ நடுத்தண்டில் ஒரு பகுதி மட்டும் விடுபட்டு இரு முனைகளும் எஞ்சுவதுண்டு; விடுபட்ட பகுதியில் பற்றிடம் கொண்ட எதிர்ப்பொருளை மட்டும் நம்புகிறவர், வளவில் ஒரு பக்கம் இடிந்ததைப் பார்த்துவிட்டு வீடே இல்லை என்பவரைப் போல், புரதமே இல்லை என்று முடிவுகட்டிவிடுவார். எனவே எந்தப் பற்றிடம் என்பதைக் கட்டுரையில் எழுதியே ஆகவேண்டும்.

எதிர்ப்பொருளின் பக்கத்தில் பற்றிடத்தைப் பற்றும் பகுதியான பாரடோப்புக்குப் ‘பற்றுவாய்’ எனலாம். ‘பற்றுமுனை’ என்றால் அமினோ முனையோடும் கார்பாக்சில் முனையோடும் முட்டும்.