கண்ணகி நகர் உண்மையிலேயே மாறிவிட்டதா?

துரைப்பாக்கவாசி:
சென்னையின் தெற்கே, துரைப்பாக்கத்தில் உள்ள மறுகுடியேற்றக் குடியிருப்பான கண்ணகி நகர் என்றாலே முகம் சுளிப்பவர்கள் ஒருமுறை உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். 2020-இல் மாநகராட்சியின் துணையோடு ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையும் ஏஷியன் பெயிண்ட்ஸ் நிறுவனமும் அடுக்ககச் சுவர்களில் ஓவியங்கள் தீட்டச் செய்தன. படம் எடுக்கக் கேமராவோடு ஆட்கள் வந்தார்கள். 2025-இல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் கபடித் தங்கம் வென்ற அணியில் ஆடிய கார்த்திகா இந்த ஊர்ப் பெண். கஞ்சாவும் கத்தியும் மட்டுமே செய்தியாக இருந்த இடம் இது. மாற்றத்தை ஒப்புக்கொள்ள ஏன் இத்தனை தயக்கம்?

கூவக்கரை:
ஓவியம் அழகுதான். ஆனால் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது என் தம்பி இன்றும் வேளச்சேரி உறவினர் முகவரியைத்தான் எழுதுகிறான். சொந்த முகவரியை எழுதிய இடத்தில் நேர்காணல் அத்தோடு முடிந்தது. சுவரில் பூசிய வண்ணம் அந்த விண்ணப்பப் படிவம் வரை எட்டவில்லை.

கண்ணகி நகர் தானாகச் சீரழிந்த ஊரும் அல்ல. 2000 வாக்கில் தொடங்கி ஆற்றங்கரை, கால்வாய்க்கரைக் குடும்பங்களை ஆயிரக்கணக்கில் பெயர்த்துக்கொண்டுபோய்ப் புறநகரில் குவித்தார்கள். மந்தைவெளியில் வீட்டு வேலை பார்த்த என் அம்மா விடியுமுன் பஸ் ஏறினார். சம்பளத்தில் பெரும் பங்கு டிக்கெட்டுக்கே போனதால் வேலையை விட்டார். வேலை போன வீட்டில் பையன் பள்ளியை விட்டு நிற்கிறான். தெருமுனையில் அவனுக்கென்று காத்திருப்பவன் யாரென்று எல்லோருக்கும் தெரியும்.

ஓ.எம்.ஆர். ராஜன்:
வறுமையைக் காட்டிக் குற்றத்துக்கு நியாயம் தேடாதீர்கள். அங்கே முதலில் வெட்டுப்படுவதும், கஞ்சாப் பொட்டலம் விற்பவனுக்குப் பயந்து மாலையில் மகளை வெளியே அனுப்பாமல் இருப்பதும் அங்கேயே வாழும் ஏழைகள்தான். தனிக் காவல் நிலையம் வேண்டாம் என்று அவர்கள் சொல்வார்களா? 2015 வெள்ளத்தில் அடையாற்றங்கரைக் குடிசைகள் என்ன ஆயின? அவர்களை அங்கேயே விட்டிருக்க வேண்டுமா?

கூவக்கரை:
காவல் நிலையம் வேண்டும். ஒரு திருட்டு நடந்ததும் அந்த பிளாக்கின் இளைஞர்கள் அத்தனை பேரையும் அள்ளிக்கொண்டு போகும் பழக்கம்தான் வேண்டாம். பொட்டலம் விற்பவன் தப்பிவிடுகிறான். ஐ.டி.ஐ. படிப்பவன் பெயர் காவல் நிலையப் பதிவேட்டில் ஏறுகிறது.

கரை ஆபத்தானது என்றால் இடம் மாற்றுங்கள், ஆனால் வேலைக்குப் போய் வரும் தொலைவுக்குள் மாற்றுங்கள். நொச்சிக்குப்பத்தில் பழைய குடிசை மாற்று வாரிய வீடுகளை இடித்து அதே இடத்தில் அடுக்ககம் கட்டினார்களே! மீனவர் கடலை விட்டுப் பிரியவில்லை. எங்களுக்கு மட்டும் ஏன் அது முடியாமல் போனது?

துரைப்பாக்கவாசி:
நொச்சிக்குப்பத்தில் அரசின் கையில் நிலம் இருந்தது. ஆற்றங்கரையில் எங்கே கட்டுவது? மயிலாப்பூரில் மனை விலை தெரியுமா? நடந்தது நடந்துவிட்டது. இருக்கும் இடத்தைச் சீராக்குவதுதான் இனி வழி.

கூவக்கரை:
சரி, சீராக்குங்கள். அதற்கு ஓவியம் போதாது. இருநூறு சதுர அடிகூடத் தேறாத பழைய வீடுகளில் திருமணமான இரண்டு மகன்களோடு குடும்பங்கள் இருக்கின்றன. அவற்றை முதலில் இடித்துப் பெரிதாகக் கட்டுங்கள். அதைவிட முக்கியம், கட்டும்போது அதே குடும்பங்களுக்கே வீடு என்று எழுத்தில் தாருங்கள். ஓ.எம்.ஆர். (பழைய மாமல்லபுரம் சாலை) ஓரத்தில் இன்று மனை விலை என்னவென்று எங்களுக்கும் தெரியும். அடுத்த முறை எங்களைத் திருப்போரூரைத் தாண்டி அனுப்பமாட்டார்கள் என்பதற்கு என்ன உறுதி?

ஓ.எம்.ஆர். ராஜன்:
எழுத்தில் உறுதி கேட்பதை நானும் ஆதரிக்கிறேன். காவல் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை.