காட்ஸ்வோல்ட்ஸ் கல் வீட்டுக்கு சிமெண்ட் பூசலாமா?

கேள்வி (சிம்மக்கல், மதுரை):
அக்கா இங்கிலாந்தில் காட்ஸ்வோல்ட்ஸ் பக்கம் பழைய வீடு வாங்கியிருக்கிறாள். தேன் நிறச் சுண்ணாம்புக்கல், கூரை ஓடுகூடக் கல்தான், ஜன்னல் நடுவில் குட்டிக் குட்டிக் கல் தூண்கள். முன்பு இருந்தவர் சந்துகளில் சிமெண்ட் வைத்து அடைத்திருக்கிறார். இப்போது சிமெண்ட் கோடு துருத்திக்கொண்டு நிற்கிறது, கல்தான் மாவாக உதிர்கிறது, உள்சுவரில் ஓதம். வீடியோ காலில் நகத்தால் சுரண்டிக் காட்டினாள், பயமாக இருந்தது. மொத்தமாக சிமெண்ட் பூசிவிடு என்றேன். பாதுகாக்க வேண்டிய பழைய கட்டடங்கள் என்று அரசு வைத்திருக்கும் பட்டியலில், கிரேடு 2-இல் இருக்கிற வீடு, கேட்காமல் செய்தால் கேஸ் ஆகும் என்கிறாள். சொந்த வீட்டுக்கு என்ன கேஸ்?

பதில் 1 (மேலூர், பழைய கட்டட வேலை):
தம்பி, அக்கா பேச்சைக் கேளுங்க. நம்ம மேலூர் கிரானைட் தண்ணீர் குடிக்காது, அதனால் சிமெண்ட் வைத்தாலும் நமக்கு வித்தியாசம் தெரிவதில்லை. அது தண்ணீர் குடிக்கிற கல். சுண்ணாம்புக் காரை வைத்திருந்தால் ஈரம் சந்து வழியாக வெளியே போயிருக்கும், கெட்டாலும் காரைதான் கெடும், மாற்றிக்கொள்ளலாம். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிட்டதால் ஈரம் கல் வழியாகவே வெளியேறப் பார்க்கிறது. உப்பு கல்லுக்குள் பூத்து, குளிரில் ஈரம் உறைந்து விரிந்து, கல்லை உதிர வைத்துவிடுகிறது. சுண்ணாம்பு தாங்குமா என்று யோசிக்காதீங்க, நம்ம நாயக்கர் மகால், 1636, செங்கலும் சுண்ணாம்பும்தானே. சிமெண்டை உளி வைத்துக் கையால் எடுக்கணும், கிரைண்டர் பிடித்தால் கல் விளிம்பு போச்சு. அப்புறம் சுண்ணாம்புக் காரை, மேலே நனைத்த சாக்கு. உறைபனி மாதங்களில் தொடவே கூடாது.

பதில் 2:
கேஸ் உண்மைதான். அனுமதி இல்லாமல் வீட்டின் தன்மை மாறும்படி வேலை செய்தால் அங்கே கிரிமினல் குற்றம், இந்தப் பட்டியல் கட்டடங்களுக்கென்றே 1990-இல் வந்த சட்டம். வெளிச்சுவர் மட்டுமில்லை, உள்ளே இருக்கிற படிக்கட்டும் சேர்த்தி. உள்ளூர் கவுன்சிலில் பழைய கட்டடங்களைப் பார்க்கிற அதிகாரிக்கு முதலில் ஒரு மெயில் போடச் சொல்லுங்க. ஜன்னல் தூண்களையும் அழகுக்கு என்று நினைத்து எடுத்துவிடப் போகிறார்கள், மேல்கல்லின் பாரம் அவற்றின் மீதும் இறங்குகிறது.

கேள்வி கேட்டவர்:
சரிண்ணே, சொல்லிவிட்டேன். கூரைக் கல் கீழே முறம் அளவு, மேலே போகப் போக ஒரு சாண்தான். இதுக்கும் காரணம் உண்டா, இல்லை கல் தீர்ந்துபோச்சா?

பதில் 1:
தீரவில்லை தம்பி, அப்படித்தான் அடுக்குவார்கள். மழைத்தண்ணீர் வழிந்து சேர்வது கீழேதான், அங்கே பெரிய கல் இருந்தால் சந்து குறைவு, பாரமும் சுவர் பக்கம் இறங்கிவிடும். முகட்டுக்குச் சின்னது போதும். கூரையைப் பிரித்தால் அளவுவாரியாக அடுக்கி வைக்கச் சொல்லுங்க, கலந்துபோனால் கொத்தனார் அழுதுவிடுவார்.